சுழியம் என்று எழுதிய வாரங்கள்

என்னிடம் இருக்கும் பழைய களக்குறிப்பேடு ஒன்றில் அடுத்தடுத்த 7 வாரங்களுக்கு ஒரே பதிவுதான் இருக்கிறது: சுழியம். தாவரவியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், கேரளத்தின் நிலம்பூர் தேக்குத் தோட்டங்களில் இலைதின்னிப் புழுவின் சேதத்தை வாரம் ஒருமுறை பார்த்து எழுதும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. அது நடந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. கூடலூரில் விடியற்காலை பஸ் ஏறி, நாடுகாணியைத் தாண்டி, மலைப்பாதை இறங்கி, வழிக்கடவு வழியாகத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்வேன். பெயின்ட் அடித்து எண்ணிட்ட மரங்கள் எனக்காகக் காத்திருக்கும். ஒவ்வொன்றின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்து, நூற்றுக்கு எவ்வளவு இலைப்பரப்பு தின்னப்பட்டிருக்கிறது என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். பிப்ரவரி நடுவில் தொடங்கினேன். 7 வாரங்கள் எழுதுவதற்கு எதுவும் இருக்கவில்லை. எட்டாவது வாரம் பஸ் அடிவாரத்தை அடைந்தபோது, முந்தைய வாரம் வெளிர்பச்சையாகத் தளிர்த்து நின்ற ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் நரம்பு மட்டும் மிஞ்சிய இலைகளோடு பழுப்பேறிக் கிடந்தது. என் மரங்களும் அதற்குள்தான் இருந்தன. அன்று 90, 95, 100 என்று எழுதிக்கொண்டே போனேன்.

என்னை உறுத்தியது சேதத்தின் அளவு மட்டும் அன்று. நான் எழுதிய சுழியங்கள் ஒவ்வொன்றும் உண்மையானவை. மரத்தடிக்குப் போகாமல் ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை. இருந்தும் அந்த 7 வாரப் பதிவுகளைச் சேர்த்து வாசிக்கும் எவரும், ஏப்ரல் தொடக்கம் வரை நிலம்பூரில் புழு இல்லை என்றே முடிவுக்கு வருவார்கள். அது தவறான முடிவு. தனித்தனியே சரியாக இருக்கும் எண்கள் ஒன்றுசேர்ந்து எப்படித் தவறான செய்தியைச் சொல்ல முடியும் என்ற கேள்வி, அந்த வேலை முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்கிறது.

அந்தப் பக்கத்து டீக்கடைகளில் அப்போது ஒரு விளக்கம் தயாராக இருந்தது. கோடை மழை விழுந்ததும் மண்ணிலிருந்து புழு கிளம்பி மரமேறும் என்றார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நேற்று வரை கண்ணில் ஒன்றுகூடப் படாத உயிர், முதல் மழைக்குப் பின் கோடிக்கணக்கில் இருப்பதைப் பார்ப்பவர்களுக்கு வேறு எப்படித்தான் தோன்றும்? மழைக்கும் புழுவுக்கும் தொடர்பு உண்டு என்பதில் அவர்கள் சரியாகவே இருந்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிழை இருந்தது. அந்தப் பிழையில் நானும் அவர்களோடு பங்குகொண்டிருந்தேன்.

பூச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹைப்லியா பியூரா என்று அறிவியலார் அழைக்கும் இந்த அந்துப்பூச்சி, உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த இலைத்துணுக்கைப் போலச் சாம்பல் பழுப்பாகத் தெரியும். பறக்கும்போதுதான் பின்னிறகின் கறுப்பும் ஆரஞ்சு மஞ்சளும் வெளிப்படும். ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முற்றிய இலை அதற்கு ஆகாது. இளந்தளிரில்தான் ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவைக்கும். பொரித்து வரும் புழு, இலையின் ஓரத்தை வெட்டி மடித்து, அந்த மடிப்புக்குள் இருந்துகொண்டு தின்னும். ஐந்து பருவங்களைக் கடந்து முழுதாக வளர அதற்கு 10 முதல் 12 நாட்கள் போதும். தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியை அது கடைசிச் சில நாட்களில்தான் தின்கிறது. பிறகு நூல் விட்டுத் தரைக்கு இறங்கி, சருகுகளுக்கு அடியில் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பூச்சியாக வெளிவரும். வந்த பூச்சிகள் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. தளிரெல்லாம் தீர்ந்துபோன தோட்டத்தைவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும்.

இந்தக் கணக்கை என் வாரக் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் ஒரு விடை உடனே கிடைக்கிறது. ஏழாவது வாரம் நான் அண்ணாந்து பார்த்தபோது, 25 மீட்டர் உயரத்தில், உச்சித் தளிர்களில் முட்டைகளோ நூலிழை போன்ற இளம்புழுக்களோ இருந்திருக்க வேண்டும். தரையிலிருந்து அவை தெரிய வழியே இல்லை. அடுத்த 6 நாட்களில் அவை வளர்ந்து தின்று தீர்த்துவிட்டன. பூச்சியின் கடிகாரம் என் நாட்காட்டியைவிட வேகமாக ஓடியது என்று சொல்லி இதை முடித்துவிடலாம். வேலையில் மேற்பார்வையாக இருந்தவர் சொன்னதும் இதைத்தான். வாரம் ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை போனால் சரியாகிவிடும் என்றார். அந்த விடையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் மேல் வந்து முட்டையிட்ட லட்சக்கணக்கான பூச்சிகள் வேறு எங்கோ புழுவாக இருந்து, வேறு எதையோ தின்று வளர்ந்தவை அல்லவா? அந்த இடத்தில் மார்ச் மாதத்தில் நின்றிருந்தால் நான் சுழியம் எழுதியிருக்க மாட்டேன்.

மரம் சாவதில்லை என்பதால்

இப்படி ஒரு பூச்சியை ஊர் ஏன் இவ்வளவு காலம் சாதாரணமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு எளிய காரணம் உண்டு. தேக்கு சாவதில்லை. இலை முழுவதையும் இழந்த மரம் மூன்று நான்கு வாரங்களில் மறுபடி தளிர்த்துவிடும். ஜூன் மாதத்தில் அந்த வழியே பஸ்ஸில் போகிறவருக்கு ஏப்ரலில் நடந்தது எதுவும் தெரியாது. நிலம்பூர் சாதாரண இடமும் இல்லை. மலபார் கலெக்டராக இருந்த கானலி, வன அதிகாரி சாத்து மேனனின் மேற்பார்வையில் 1840-களில் தேக்கு நடத் தொடங்கிய ஊர் இது. சாலியாற்றங்கரையில் 1846-இல் நட்ட மரங்கள் இன்றும் நிற்கின்றன. அந்த மரங்கள் எத்தனை முறை மொட்டையாகி எத்தனை முறை தளிர்த்திருக்கும் என்று யோசித்தால், இதை ஒரு நோயென்றே சொல்லலாமா என்ற தயக்கம் வருவது இயல்பே.

அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம். கே. எஸ். எஸ். நாயரும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 9 வயது வரையான இளந்தேக்குகளில் ஒரு பகுதியைப் புழுவிடமிருந்து காத்தும் மற்றொரு பகுதியை அப்படியே விட்டும் ஒப்பிட்டார்கள். காக்கப்பட்ட தோட்டம் ஆண்டுக்கு எக்டேருக்கு 6.7 கனமீட்டர் மரம் வைத்தது, காக்கப்படாதது 3.7 கனமீட்டர்தான் வைத்தது. வளரக்கூடிய மரத்தில் 44 விழுக்காடு புழுவின் வயிற்றுக்குள் போனது என்று இதற்குப் பொருள். 50, 60 ஆண்டுகள் காத்திருந்து வெட்டும் ஒரு பயிரில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது மரம் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். சாகாத மரத்தின் இழப்பைக் கண்ணால் காண முடியாது. அளந்துதான் அறிய முடியும்.

கூப்பு ரோட்டிலிருந்து விலகி

அந்த எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஒருநாள், தோட்டக் காவலர் ஒருவரிடம் என் குழப்பத்தைச் சொன்னேன். தேவாலாப் பக்கத்திலிருந்து இளவயதில் கீழே வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியும். மரங்களின் எண்களைப் பார்த்தே அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுகொண்டார். "தம்பி, நீ பார்க்கிற மரமெல்லாம் கூப்பு ரோட்டோரம் இருக்கு. ஜீப்பு போற இடத்துலதான் பூச்சி வரணும்னு இருக்கா?" என்று கேட்டார். வெட்டிய மரத்தை ஏற்றிவரக் காட்டுக்குள் போட்ட வண்டிப்பாதையைத்தான் கூப்பு ரோடு என்பார்கள். அவர் கேட்டதில் கேலி இல்லை. உண்மையாகவே அவருக்கு அது புரியவில்லை.

மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு போனார். ஆற்றின் கிளையொன்றைக் கடந்து, முதிர்ந்த தேக்குகள் நின்ற ஒரு சரிவில் முக்கால் மணி நேரம் ஏறினோம். பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே ஒரு திட்டு, எங்கள் ஊர்க் கோயில் குளத்தைவிடச் சற்றே பெரியது, தனியாக நின்றது. சுற்றிலும் தளிர்ப்பச்சை, அந்தத் திட்டில் மட்டும் உச்சிகள் வேறு நிறத்தில் இருந்தன. அங்கே தின்னப்பட்ட இலைகளின் எச்சம் பழசாகியிருந்தது. கிளைகளில் இரண்டாம் தளிர் ஏற்கெனவே விரல் நீளம் வளர்ந்திருந்தது. கீழே சருகைக் கிளறினால் காலிக் கூடுகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. என் பள்ளத்தாக்கு மொட்டையாவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே இங்கே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. "மாசி கடைசியில இங்க சத்தம் கேட்டுச்சு" என்றார் அவர். என்ன சத்தம் என்று கேட்டேன். நல்ல வெயில் நாளில், மேகமே இல்லாதபோது, தூறல் விழுவதுபோல் சருகின் மேல் சத்தம் கேட்டால் மேலே புழு இருக்கிறது என்று அர்த்தம் என்றார். புழுவின் எச்சம் உதிரும் ஓசை அது. பின்னாளில் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். வானத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தூறலைக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும்.

அந்தச் சரிவில் நின்றுகொண்டு கீழே பார்த்தபோது என் வேலையின் வரைபடம் முழுவதும் எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது. நான் எண்ணிய மரங்கள் அனைத்தும் வண்டி போகும் சாலையை ஒட்டி, பள்ளத்தாக்கின் அடியில், ஒரே வயதுத் தோட்டங்களில் இருந்தன. மேட்டில் ஒன்றும் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒன்றும் இல்லை. முதலில் தளிர்க்கும் ஈரச்சரிவுகளில் ஒன்றும் இல்லை. ஒரு நாளில் ஒரு ஆள் நடந்து முடிக்கக்கூடிய மரங்களாகப் பார்த்து யாரோ நல்லெண்ணத்தோடுதான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தேர்வின்படி பார்த்தால் புழு எப்போதுமே திடீரென்றுதான் வரும். அது சிறிதாக இருக்கும் கட்டம் எங்கள் கண்ணுக்குள் வரவே வராது.

மறு ஆண்டு

இதோடு முடிந்திருந்தால் இது எளிய கதையாக இருந்திருக்கும். மறு ஆண்டு வேலை இல்லாவிட்டாலும் நானே என் செலவில் பிப்ரவரி கடைசியில் அந்தச் சரிவுக்குப் போனேன். ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்குள் வேரூன்றியிருந்தது. நிழல், ஈரம், மண், திசை என்று அந்த இடத்துக்கு ஏதோ ஒரு தனித்தன்மை இருக்க வேண்டும்; ஆண்டுதோறும் புழு அங்கேதான் தொடங்கும்; அந்த ஒரு எக்டேரைக் காவல் காத்தால் பள்ளத்தாக்கைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன். மூன்று முறை போனேன். அங்கே ஒன்றுமே இல்லை. மார்ச் நடுவில், அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, வேறொரு ஆற்றுப்பக்கத்துத் தோட்டத்தில் முதல் திட்டு தென்பட்டதாகக் காவலர் சொல்லியனுப்பினார்.

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் நாயரும் மோகன்தாஸும் 1996-இல் எழுதிய ஆய்வை ஒழுங்காகப் படித்தேன். நிலம்பூரின் ஏறத்தாழ 10,000 எக்டேர் தேக்கையும் ஆட்களை வைத்துத் தொடர்ந்து கண்காணித்து அவர்கள் கண்டது இதுதான்: பெரிய தாக்குதலுக்கு முன், கோடை மழைக்காலத்தின் தொடக்கத்தில், ஒன்றுக்கொன்று வெகுதொலைவில், அரை முதல் ஒன்றரை எக்டேர் அளவுள்ள சிறு திட்டுகளில் புழு தோன்றுகிறது; அவற்றிலிருந்து கிளம்பும் பூச்சிகளே பின்னர் பெரும்பரப்பை நிரப்புகின்றன; ஆனால் அந்தத் திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு ஒரே இடத்தில் அமைவதில்லை. குறிப்பிட்ட இடத்தின் வளம் பூச்சியைப் பெருக்குகிறது என்பதைவிட, காற்றும் மழையும் பூச்சிகளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம் என்று அவர்கள் கருதினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் படைப்புழுவின் அந்துப்பூச்சிகளை மழைமேகத்தை ஒட்டிய காற்றோட்டங்கள் ஓரிடத்தில் குவித்துவிடுவது முன்பே அறியப்பட்டிருந்தது. நிலம்பூருக்கு மேலே நீலகிரியின் செங்குத்தான சுவர் நிற்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் முட்டி எழுகிறது. பிற்பகல் இடிமழை ஒரு பள்ளத்தாக்கில் பெய்து அடுத்ததை விட்டுவிடுகிறது. மழை பெய்த இடத்தில் தளிர் முந்துகிறது. அப்படித் தளிர்த்த இடத்தின் மேல் பூச்சிக்கூட்டம் இறங்கினால் அந்த ஆண்டுக்கு அதுவே தொடக்கப்புள்ளி.

நிலம் இதில் வேலை செய்கிறது. ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை. மண்ணின் தன்மையாகவோ நிரந்தரமான ஒரு மூலையாகவோ நான் தேடியதை, நிலம் ஒவ்வோர் ஆண்டும் காற்றோடும் மழையோடும் சேர்ந்து புதிதாக அமைத்துக்கொள்கிறது. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. இடத்தைக் கண்டுபிடித்துக் குறி வைத்துவிட்டால் போதும் என்ற ஆசை மனிதனுக்கு இயல்பானது என்று நினைக்கிறேன். வரைபடம் கையில் இருந்தால் நிம்மதி வருகிறது.

எல்லாக் காட்டுப்பூச்சிகளும் இப்படி அலைபவை அல்ல என்பதும் உண்மை. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளில் லார்ச் மரங்களின் ஊசியிலைகளைத் தின்னும் மொட்டுப்புழு, 8 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, மலைத்தொடரின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி அலைபோல நகர்ந்தது. அலையின் வேகம் ஆண்டுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்த அலைகள் இரண்டு மையங்களிலிருந்து புறப்படுவதைக் காட்டி, லார்ச் காடுகள் அடர்ந்து ஒன்றோடொன்று இணைந்திருக்கும் நிலப்பகுதிகள்தான் அத்தகைய மையங்களாகின்றன என்று விளக்கியது. அங்கே நிலத்தின் வடிவமே அட்டவணை எழுதியது. மரவளையங்களைப் படித்தவர்கள் இந்தத் தாளம் ஏறக்குறைய 1,200 ஆண்டுகள் தவறாமல் தொடர்ந்து, 1980-களில் தொடங்கி, மலை வெப்பமடைந்த காலத்தில் அறுந்துபோனது என்று கண்டார்கள். கனடாவில் நடந்தது இன்னொரு வகை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 1.8 கோடி எக்டேர் பைன் காடுகளில் பரவிய மலைப்பைன் வண்டு, ராக்கி மலைத்தொடர் தடுத்துவிடும் என்ற எதிர்பார்ப்பைப் பொய்யாக்கி, 2006-இன் கோடையில் மரமுடிகளுக்கு மேலே வீசும் காற்றில் ஏறி ஆல்பர்ட்டாவுக்குள் பெருந்திரளாக இறங்கியது. காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்துக்கொண்டே வந்ததால் ஒரே முதிர்ச்சியில் தொடர்ந்து நின்ற பைன் பரப்பு அதற்கு வழி அமைத்துக் கொடுத்திருந்தது. மலை எல்லாப் பூச்சிக்கும் சுவராக நிற்பதில்லை. காற்று உகந்ததாக இருந்தால் ஒரே நாளில் கடக்கும் படியாகிவிடுகிறது.

தோட்டத்தின் அமைப்பை மாற்றியே புழுவைத் தடுக்கலாம் என்ற யோசனையும் பழையது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டேராடூனில் வனப் பூச்சியியலாளராக இருந்த பீசன், பெரிய தேக்குத் தோட்டங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடையிடையே இயற்கைக் காட்டை விட்டுவைக்க வேண்டும் என்றார். புழுவைத் தின்னும் பறவைகளும் ஒட்டுண்ணிகளும் அங்கே வாழும் என்பது அவர் கணக்கு. காடு விட்டுவைப்பதை நான் வேறு பல காரணங்களுக்காக முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் கூட்டமாக வந்து ஒரே இரவில் முட்டையிட்டு, மூன்று வாரங்களில் இடத்தைக் காலிசெய்துவிட்டுப் போகும் பூச்சியின் முன் உள்ளூர் எதிரிகளுக்குப் பெருகுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. 1965-இல் கேரளத்தின் கோன்னியில் வானிலிருந்து பூச்சிக்கொல்லி தெளித்துப் பார்த்தார்கள். ஆற்றுநீர் குடிக்கும் ஊர்களுக்கு மேலே அப்படிச் செய்வது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. பின்னர் பீச்சி ஆய்வாளர்கள் இந்தப் புழுவை மட்டும் கொல்லும் பாக்குலோவைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்துத் தெளிப்புக்கு உகந்ததாக்கினார்கள். நல்ல வழி, ஆனால் வைரஸ் வேலை செய்யச் சில நாட்கள் ஆகும், புழு இளசாக இருக்கும்போதே தெளித்தாக வேண்டும். ஆக, மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், திட்டு சிறிதாக இருக்கும் அந்த நாலைந்து நாட்களுக்குள் அதைக் கண்டுபிடிக்கிறோமா என்பதிலேயே வந்து நிற்கிறது.

மேலிருந்து பார்த்தல்

செயற்கைக்கோள் இருக்கும்போது ஆள் நடக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நானும் ஒரு கோடையில் இரவுகளை அதில் செலவழித்தேன். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டு சேர்ந்து 5 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். ஒரு எக்டேர் திட்டு என்றால் 100 புள்ளிகள். பார்வைக்கு எட்டும் அளவுதான். ஆனால் தேக்கு இலையுதிர் மரம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பாதித் தோட்டங்கள் தாமாகவே மொட்டையாக நிற்கின்றன. ஒரு சரிவு தளிர்த்திருக்கிறது, பக்கத்துச் சரிவு இன்னும் தளிர்க்கவில்லை, மூன்றாவது சரிவு தளிர்த்துத் தின்னப்பட்டிருக்கிறது என்றால், பின்னிரண்டும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகின்றன. பிரித்தறிய வேண்டுமானால் அதற்கு முந்தைய படத்தில் பச்சை இருந்ததா என்று பார்க்க வேண்டும். அந்த முந்தைய படம் கோடைமழை மேகத்தால் மூடப்பட்டிருக்கும். புழு வருகிற நாட்களும் மேகம் வருகிற நாட்களும் ஒன்றே. இரண்டையும் கொண்டுவருவது ஒரே காற்று. மலையை ஒட்டிய சரிவுகளில் மேகம் அதிக நேரம் தங்குகிறது, அதனால் நாம் மிகவும் பார்க்க விரும்பும் இடம்தான் படத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. விளக்குப் பொறி வைத்துப் பூச்சியைப் பிடிக்கலாம். அதுவும் ஒளி எட்டும் தொலைவைத் தாண்டிப் பேசுவதில்லை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு பாறை முகடு இருந்தால் அப்பக்கத்துப் பூச்சிக்கு அந்த விளக்கு இல்லாததுபோல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆனைமலையில் டாப்சிலிப் தேக்குகளும் கேரளத்துப் பரம்பிக்குளம் தேக்குகளும் ஒரே காட்டின் இரு பக்கங்கள். டாப்சிலிப்பை அடுத்த மவுண்ட் ஸ்டுவர்ட்டில், பிரிட்டிஷ் கால வன அதிகாரி ஹ்யூகோ வுட்டின் கல்லறை அருகே நின்று பார்த்தால் எந்த மரம் எந்த மாநிலம் என்று சொல்ல முடியாது. பூச்சி தேக்கை மட்டும் தின்பதுமில்லை; நொச்சியிலும் அது வளர்கிறது, மும்பைக் கடற்கழிகளில் வெண்கண்டல் மரங்களை மொட்டையடிப்பதும் இதே இனம்தான். தேக்குத் தோட்டத்தில் பூச்சியே தென்படாத மாதங்களில் அது முற்றிலும் இல்லாமல் போய்விடுவதில்லை. பதிவேடுகள் மட்டும் ரேஞ்சுக்கு ரேஞ்சு, மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பறந்துபோன கூட்டம் அடுத்த பதிவேட்டில் எங்கிருந்தோ வந்ததாக எழுதப்படுகிறது.

இப்போது நான் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பூச்சி என் தொழில் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் மாசி தொடங்கியதும் அந்தப் பக்கம் போய்வருகிறேன். குறிப்பேட்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். மரங்களின் எண்களை எழுதுவதில்லை. எந்தச் சரிவு எந்த நாளில் தளிர்த்தது, எந்தப் பிற்பகலில் எந்தப் பள்ளத்தாக்கில் மழை பெய்தது என்று முதலில் எழுதுகிறேன். தளிர் முந்திய இடத்துக்குத்தான் முதலில் ஏறுகிறேன். அது போன ஆண்டு போன இடமாக இருப்பது அரிது. கடைசிக் கட்டத்துக்கு 'பார்க்காத இடம்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். போக முடியாத முகடு, யானை நின்றதால் திரும்பிவந்த வழி, ஆறு பெருகியதால் கடக்காத அக்கரை எல்லாம் அதில் வரும். சுழியம் எழுதும் இடம் வேறு, அந்தக் கட்டம் வேறு. பல வாரங்களில் அந்தக் கட்டம்தான் மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக இருக்கிறது.

காவலர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். மகன் வீட்டில் ஆற்றோரமாகவே இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை மாலை இங்கே கூடலூரில் முதல் மழை பெய்தது. இரவு எட்டு மணிக்கு அவரே போன் செய்தார். "தம்பி, இங்க மழை இல்ல. ஆனா அக்கரையில நேத்து நல்லா கொட்டியிருக்கு, பேரன் போய் பார்த்துட்டு வந்தான். இன்னும் பத்து நாள்ல தளிர் விட்டுடும். நீ ஞாயித்துக்கிழமை வர்றியா, அதுக்கு அடுத்த வாரம் வர்றியா?" என்றார். இரண்டு வாரமும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.